வில்லபி சொன்னது பொய்யா? ஆங்கிலச் செவ்வியல் இலக்கியத்தில் காதலும் மோகமும்

தாழைமடல் (இழையைத் தொடங்கியவர்)

ஜேன் ஆஸ்டினின் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' (1811) பற்றிப் பேச்செடுத்தாலே வில்லபியை ஏமாற்றுக்காரன் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகிறோம். குன்றில் கால் பிசகி விழுந்த மேரியனைத் தூக்கி வந்து வீடு சேர்த்தான். கூட உட்கார்ந்து கவிதை படித்தான். அவள் கூந்தலில் ஒரு கற்றையை நறுக்கி வைத்துக்கொண்டான். கடைசியில் ஐம்பதாயிரம் பவுன் சொத்துக்காரியான மிஸ் கிரேயை மணந்துகொண்டான். இவ்வளவுதான் கதை என்றால் அந்த ஒரு சொல் போதும்.

ஆனால் ஆஸ்டின் ஓர் இரவில் அவனைத் திரும்பக் கூட்டி வருகிறார். மேரியன் சாகக் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டவன் காலை எட்டு மணிக்கு லண்டனில் வண்டியேறுகிறான். வழியில் மார்ல்பரோவில் பத்து நிமிடம் இறங்கி ஒரு வாய் சாப்பிட்டதோடு சரி. இரவு எட்டு மணிக்கு அவள் இருக்கும் வீட்டு வாசலில் நிற்கிறான். அவளுடைய அக்கா எலினாரிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறான். பொழுதுபோக்காகத்தான் பழகத் தொடங்கினேன், போகப்போக உண்மையாகவே அவளை நேசித்துவிட்டேன், மணம் பேசலாம் என்று துணிந்த நேரத்தில் என் பழைய பாவம் உறவுக்கார அம்மாளின் காதுக்கு எட்டிவிட்டது, சொத்து கைநழுவியது என்கிறான். எலைசா என்ற இளம்பெண்ணைக் கெடுத்து நட்டாற்றில் விட்டவன் அவன். மேரியனின் நெஞ்சைப் பிளந்த கடிதத்தின் வாசகங்கள்கூட மிஸ் கிரே எழுதிக் கொடுத்தவை. இவன் படியெடுத்தான், அவ்வளவுதான்.

எலினார் எளிதில் இளகுபவள் அல்ல. அவன் போன பிறகு அவளே அவனுக்காக மனம் கசிகிறாள். அவன் சொன்னதைப் பொய் என்று ஆசிரியரும் எங்கும் சொல்லவில்லை.

அப்படியானால் அது காதலா? இல்லை என்பதே என் உறுதியான எண்ணம். நெஞ்சு துடித்தது உண்மை, அந்தப் பன்னிரண்டு மணி நேரப் பயணமும் உண்மை. ஆனால் அந்த உணர்ச்சிக்காக வசதியில் ஒரு பிடியைக்கூட விட்டுக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. உணர்ச்சியின் சூட்டைத் தொட்டுப் பார்த்துக் காதலையும் மோகத்தையும் பிரிக்கவே முடியாது. இரண்டும் ஒரே அளவு சுடுகின்றன. இந்தப் பழைய ஆங்கில எழுத்தாளர்கள் வேறு எங்கோ கோடு போடுகிறார்கள். எங்கே என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

---

பனைநிழல்

இதில் குழம்ப ஒன்றும் இல்லை. ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள் என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததுதான் அளவுகோல். காலத்தைத் தாங்கி நின்றால் காதல், நிற்காவிட்டால் மோகம்.

'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். திரை விலகும்போது ரோமியோ ரோசலின் என்ற பெண்ணை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறான். பட்டப்பகலில் ஜன்னலை அடைத்து அறையை இருட்டாக்கிக்கொண்டு கிடக்கிறான். அன்றிரவு விருந்தில் ஜூலியட்டைப் பார்த்ததும் ரோசலின் நினைவே போய்விடுகிறது. இளைஞர்களின் காதல் நெஞ்சில் இல்லை, கண்ணில்தான் இருக்கிறது என்று பாதிரியார் லாரன்ஸ் அவன் முகத்துக்கு நேரே சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை பார்த்து, திங்கட்கிழமை மணந்து, வாரம் முடிவதற்குள் இருவரும் கல்லறையில். அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயதுகூட நிறையவில்லை. இதைக் காதலின் உச்சம் என்று உலகம் கொண்டாடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ரோமியோ இன்னும் ஒரு மாதம் உயிரோடு இருந்திருந்தால் இன்னொருத்தி வந்திருப்பாள்.

---

ஏட்டுச்சுவடி

பனைநிழல் ஐயா, பாதிரியார் சொல்வது பாதிரியாரின் கருத்து. அதை ஷேக்ஸ்பியரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கதை அவருக்கு ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட ஒரு நீள்கவிதையிலிருந்து கிடைத்தது. அதில் காதலர்களின் உறவு மாதக்கணக்கில் நீள்கிறது. ஜூலியட்டுக்கு வயது பதினாறு. ஷேக்ஸ்பியர் மாதங்களைச் சில நாள்களாகச் சுருக்கினார், பெண்ணின் வயதையும் குறைத்தார். காலம்தான் அளவுகோல் என்று அவர் கருதியிருந்தால் கையில் இருந்த மாதங்களை வெட்டி எறிந்திருப்பாரா?

ரோசலினைக் கவனியுங்கள். நாடகம் முழுவதிலும் அவள் ஒரு சொல் பேசுவதில்லை. அவளை நினைத்து ரோமியோ பேசுவதெல்லாம் குளிர்ந்த நெருப்பு, ஈய இறகு, நோயுற்ற நலம் என்று ஒன்றுக்கொன்று முரணான சொற்களின் அடுக்கு. அந்தப் பேச்சுக்கு எதிரில் ஒரு பெண் இருக்கத் தேவையே இல்லை. ஜூலியட்டைச் சந்திக்கும்போதோ முதல் பதினான்கு அடிகளை இருவரும் பங்கிட்டுக்கொண்டு ஒரு முழு சானட்டைப் பேசி முடிக்கிறார்கள். தன்னை யாத்திரிகன் என்றும் அவளைத் திருத்தலம் என்றும் அவன் தொடங்குகிறான். அவள் அதே உவமையைக் கையில் எடுத்து, யாத்திரிகர்கள் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துத்தான் தொழுவார்கள் என்று அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறாள். அவனுக்குப் பதில் சொல்ல முதல்முறையாக ஓர் ஆள் கிடைத்திருக்கிறாள்.

மாடக் காட்சியிலும் நிலவின் மேல் ஆணையிட அவன் வாயெடுத்ததுமே அவள் தடுக்கிறாள். மாதந்தோறும் மாறும் நிலவின் மேல் ஆணை வேண்டாம் என்கிறாள். இது மிகவும் திடீரென்று வந்திருக்கிறது, மின்னலைப் போல, என்று அவளே சொல்கிறாள். உன் எண்ணம் மணம்தான் என்றால் நாளைக்கே சொல்லி அனுப்பு என்று முடிவும் கேட்கிறாள். நாடகத்திலேயே தெளிந்த தலை அந்தச் சிறுமிக்குத்தான்.

அப்புறம் டைபால்ட் கொலை. தன் உறவினனைக் கொன்றவன் ரோமியோ என்று தெரிந்ததும் அவள் சில வரிகள் வாய்விட்டுச் சபிக்கிறாள். கூடவே செவிலியும் சேர்ந்துகொண்டு ரோமியோவுக்கு இழிவு வரட்டும் என்கிறாள். உடனே ஜூலியட் அவள் பக்கம் திரும்பி, அப்படிச் சொன்ன உன் நாக்கு கொப்பளிக்கட்டும் என்று சீறுகிறாள். துக்கம் குறையவில்லை, ஆனாலும் கணவனை விட்டுக்கொடுக்கவில்லை. இதை ஒரு மாத மோகம் என்று தள்ள என்னால் முடியாது.

---

கரிசல்காட்டார்

தாழைமடல் கேட்ட கேள்விக்கு நேரான விடை தாமஸ் ஹார்டியிடம் இருக்கிறது. 1874இல் வந்த 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்'. ஒரு பெண், மூன்று ஆண்கள். பாத்ஷீபா சொந்தமாகப் பண்ணை நடத்துபவள். ஆடு மேய்க்கும் கேப்ரியல் ஓக், பக்கத்துப் பண்ணைக்காரர் போல்ட்வுட், பட்டாளத்து சார்ஜண்ட் டிராய் மூவருமே அவள்மேல் ஆசை வைத்தவர்கள்.

டிராய் அவள் மனத்தைக் கவரும் காட்சியைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். பெரணிகள் அடர்ந்த ஒரு பள்ளத்தில் அவளை நிற்க வைத்து அவளைச் சுற்றி வாள் வீசிக் காட்டுகிறான். கூந்தலில் ஒரு கற்றையை வாள் முனையால் அறுத்தெடுக்கிறான். அவள் மார்பு ஆடையில் ஊர்ந்த கம்பளிப்பூச்சியை ஆடையில் கீறல் விழாமல் குத்தி எடுக்கிறான். முனை மழுங்கிய வாள் என்று முதலில் சொன்னவன், முகம் மழிக்கக்கூடிய அளவுக்குக் கூரானது என்று எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறான். ஹார்டி எத்தனை கருத்தாக எழுதியிருக்கிறார் பாருங்கள்: அவள் உயிரையே பணயம் வைத்து நடந்த வேடிக்கை அது, பார்வையாளரும் அவள், பலியாகியிருக்கக்கூடியவளும் அவள். அதைத்தான் அவள் காதல் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது புயல் இரவுக்கு வாருங்கள். அறுவடை விருந்து, கூடவே டிராய்–பாத்ஷீபா திருமணக் கொண்டாட்டம். களஞ்சியத்தில் டிராய் எல்லாருக்கும் பிராந்தி ஊற்றிக் கொடுக்கிறான். மழை வரும் என்று ஓக் சொல்லி அனுப்பியதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓக் வீட்டுக்குப் போகும் வழியில் காலில் ஒரு பெரிய தேரை தட்டுப்படுகிறது. வீட்டுக்குள் மேஜைமேல் நத்தைப்புழு ஊர்ந்த தடம், கூரையிலிருந்து இறங்கும் இரண்டு கருஞ்சிலந்திகள். ஆடுகளைப் போய்ப் பார்த்தால் எல்லாம் புதர் ஓரமாக ஒண்டி, புயல் வரும் திக்குக்கு வாலைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. கொட்டப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. திறந்தவெளியில் ஐந்து கோதுமைப் போர், மூன்று பார்லிப் போர். எழுநூற்றைம்பது பவுன் மதிப்பு என்று மனக்கணக்குப் போடுகிறான். ஆள்கள் எல்லாரும் குடித்துச் சாய்ந்து கிடக்கிறார்கள். தனியாளாக ஏறிப் போர்களை மூடத் தொடங்குகிறான். மின்னல் வெட்டுகிறது. தன்னை வேண்டாம் என்று சொல்லி வேறொருவனைக் கட்டிக்கொண்டவளின் தானியம் அது. அவள் தூங்குகிறாள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். யாரும் பார்ப்பார்கள் என்ற எண்ணம் அவனுக்கு இல்லை.

பிறகு அவளே இருட்டில் வந்து வைக்கோல் கட்டுகளைச் சுமந்து ஏணியில் ஏறுகிறாள். டிராயை ஏன் மணந்தாள் என்பது அங்கேதான் வெளியே வருகிறது. உன்னைவிட அழகான ஒருத்தியைப் பார்த்தேன், உடனே மணக்காவிட்டால் என் மனம் நிலைக்கும் என்று சொல்ல முடியாது என்றானாம். பொறாமையிலும் தவிப்பிலும் மணந்துகொண்டாளாம்.

மறுநாள் காலை போல்ட்வுட் வருகிறார். இந்த ஆண்டு என் போர்களை மூட மறந்துவிட்டேன் என்கிறார். அவருடையது கைக்கிளை, விளையாட்டாக அனுப்பிய ஒரு வாலண்டைன் அட்டையில் பற்றிக்கொண்டது. டிராயைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானவர். ஆனாலும் காதல் தலைக்கேறி அவர் தன் விளைச்சலையே கைவிட்டார். ஓக் அவளுடைய விளைச்சலைக் காப்பாற்றினான். கோடு எங்கே என்றால், நான் அந்த எட்டுப் போர்களைத்தான் காட்டுவேன்.

---

சிறுவாணி

எல்லாருக்கும் வணக்கம். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். பெரியவர்கள் சொல்வதைப் படிக்கப் படிக்க எனக்கு ஒரு கோபம் வருகிறது, சொல்லிவிடுகிறேன்.

ஓக் நல்லவன், கடைசியில் மேரியனை மணக்கும் கர்னல் பிராண்டன் நல்லவர். சரி. ஆனால் பாத்ஷீபாவும் மேரியனும் அவர்களைக் காதலித்தார்களா? தொடக்கத்தில் மேரியனுக்குப் பதினாறு வயது, கர்னல் பிராண்டனுக்கு முப்பத்தைந்து. அவர் ஃப்ளானல் உள்சட்டையைப் பற்றிப் பேசியதை வைத்து, இது முதுமை என்று அவள் சொன்ன பேச்சு ஒன்று உண்டு. கடைசியில் வீட்டார் எல்லாரும் விரும்புகிறார்கள், அவர் பட்ட துன்பத்துக்கு அவளே பரிசு என்பதுபோல் பேசுகிறார்கள், பத்தொன்பது வயதில் மணம் நடக்கிறது. காலப்போக்கில் அவள் உள்ளம் வில்லபிமேல் இருந்த அளவுக்குக் கணவன்மேலும் ஒன்றியது என்று ஆஸ்டின் சில வரிகளில் முடித்துவிடுகிறார். வில்லபிக்கு ஒரு முழு அத்தியாயம் கொடுத்தவர் பிராண்டனுக்கு ஒரே ஒரு காதல் காட்சி கொடுத்திருக்கக் கூடாதா? நன்றியைக் காதல் என்று பெயர் மாற்றிப் பெண்ணின் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடு இல்லை.

---

தாழைமடல்

சிறுவாணி, உன் கோபம் நியாயமானது. மேரியன் விஷயத்தில் ஆஸ்டின் அவசரப்பட்டார் என்றே நானும் நினைக்கிறேன். புத்தகம் முழுவதும் அவள் உணர்ச்சிகளை அவ்வளவு விரிவாகக் காட்டிவிட்டு, மணத்தை மட்டும் வெளியே நின்று அறிவிக்கிறார்.

ஆனால் நன்றியைப் பற்றி நீ சொன்னதில் ஒரு பாதிக்கு மறுப்பு உண்டு. இரண்டே ஆண்டு கழித்து வந்த 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' நாவலில் அதே ஆஸ்டின் நன்றியும் மதிப்பும் காதலுக்கு நல்ல அடித்தளம் ஆகுமா என்ற கேள்வியை வாசகர் முன் வெளிப்படையாக வைக்கிறார். அந்த அடித்தளம் நாயகி எலிசபெத்துக்குள் எப்படி விழுகிறது என்று ஒவ்வொரு படியாகக் காட்டவும் செய்கிறார். மணம் கேட்டு அவளிடம் மறுப்பு வாங்கிய டார்சியின் கடிதத்தை அவள் முதலில் வெறுப்போடு படிக்கிறாள், மறுபடி படிக்கிறாள், டார்சியைப் பழித்த பட்டாள அதிகாரி விக்கம் தன்னிடம் சொன்னதோடு வரிக்கு வரி ஒப்பிடுகிறாள். பிறகு டார்சியின் பெம்பர்லி மாளிகையில் வீட்டுப் பொறுப்பாளர் மிஸஸ் ரெனால்ட்ஸ், நான்கு வயதிலிருந்து அவரைத் தெரியும், என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசியதில்லை என்கிறார். தன்னை அண்டியிருக்கும் வேலைக்காரரிடம் ஒருவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதை எலிசபெத் அங்கே கேட்டறிகிறாள். இது யாரும் அவள் தலையில் கட்டியது அல்ல. அவளே விசாரித்து, அவளே முடிவுக்கு வருகிறாள். உனக்கு மேரியனிடம் கிடைக்காத காட்சி இதுதான்.

அதே வீட்டில் எதிர்ப்பக்கத்தையும் பார். எலிசபெத்தின் அப்பா மிஸ்டர் பென்னட் இளமையிலும் அழகிலும் மயங்கி மணந்தவர். கொஞ்ச நாளிலேயே மனைவிமேல் மதிப்புப் போய்விட்டது. பிறகு ஆயுள் முழுவதும் பிள்ளைகள் முன்னாலேயே அவளைக் கேலி செய்கிறார். அந்த வீட்டில் வளர்ந்த தங்கை லிடியா விக்கமோடு ஓடிப்போகிறாள். மோகம் தீர்ந்த பிறகு ஒரு வீட்டுக்குள் என்ன மிஞ்சுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாக வேறு யாரும் எழுதி நான் படித்ததில்லை. நாம் அவருடைய கேலியை ரசித்துப் படிக்கிறோம். எலிசபெத்துக்கு அது நெடுநாள் வலி.

---

ஏட்டுச்சுவடி

சிறுவாணிக்கு இன்னொரு துணை சொல்கிறேன்: சார்லட் பிராண்டியின் 'ஜேன் ஐர்' (1847). அதில் செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்ற பாதிரியார் ரோசமண்ட் ஆலிவர் என்ற அழகியைப் பித்துப் பிடித்ததுபோல் நேசிக்கிறார். அவளுக்கும் விருப்பம், அவள் தந்தைக்கும் தடையில்லை. ஆனால் அவரே தன்னை ஆராய்ந்து முடித்துவிட்டார். மணந்தால் பன்னிரண்டு மாதம் பரவசம், அதன்பின் ஆயுள் முழுக்க வருத்தம் என்கிறார். ஜேன் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கும்போது அவர் செய்யும் காரியத்தைப் பாருங்கள்: கைக்கடிகாரம் இல்லாத காலம், பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேஜைமேல் வைக்கிறார். கால் மணி நேரம் மட்டும் அந்த இன்பக் கற்பனைக்கு அனுமதி. நேரம் முடிந்ததும் கடிகாரத்தை எடுத்துக்கொள்கிறார்.

மோகத்தை இவ்வளவு சரியாக அடையாளம் கண்டவர் அடுத்து என்ன செய்கிறார்? இந்தியாவில் சமயப் பணிக்குத் துணை வேண்டும் என்று, துளியும் காதல் இல்லாமல், ஜேனை மணம் கேட்கிறார். உழைப்பாளி, பொறுமைசாலி, பயன்படுவாள் என்பது அவர் கணக்கு. காதல் என்று நீங்கள் நினைப்பதை நான் வெறுக்கிறேன் என்று ஜேன் அவர் முகத்துக்கு நேரே சொல்கிறாள். மதிப்பு இருக்கிறது, நன்றி இருக்கிறது, உறவும் இருக்கிறது. இருந்தும் அவள் போகவில்லை. மோகத்தை விலக்கிவிட்டால் மிஞ்சுவது காதல் என்று யாராவது கணக்குப் போட்டால் சார்லட் பிராண்டி அதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

---

சிறுவாணி

நன்றி அம்மா. எனக்குள் இருந்ததை ஜேன் சொல்லிவிட்டாள்.

அதே ஆண்டில் வந்த தங்கை எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' பற்றி ஒன்று. காத்தரின்–ஹீத்கிளிஃப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குக் காத்தரினின் கணவனுடைய தங்கை இசபெல்லாதான் முக்கியம். ஹீத்கிளிஃப் ஈவிரக்கம் இல்லாத ஓநாய் என்று காத்தரின் அவளிடம் பச்சையாகச் சொல்கிறாள். அவள் நம்பவில்லை. அவனோடு ஓடிப்போகும் இரவில் அவளுடைய செல்ல நாய்க்குட்டியை அவன் தூக்கில் மாட்டுவதை அவளே பார்க்கிறாள். அப்படியும் கூடப் போகிறாள். தன்னைக் கதைகளில் வரும் வீரனாக அவள் கற்பனை செய்துகொண்டாள் என்று பிறகு அவனே இகழ்ந்து பேசுகிறான். அவன் அவளை ஏமாற்றவே இல்லை. கண்முன் நடந்ததை அவள்தான் நம்ப மறுத்தாள். கல்லூரித் தோழிகளிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

---

கரிசல்காட்டார்

நாய்க்குட்டியை நினைவூட்டியது நல்லது. பலர் அந்த வரியை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

நன்றியா காதலா என்ற கேள்விக்கு ஹார்டியும் ஒரு விடை வைத்திருக்கிறார். ஆணும் பெண்ணும் பெரும்பாலும் பொழுதுபோக்கில்தான் சேர்கிறார்கள், உழைப்பில் சேர்வதில்லை. அதனால்தான் தோழமை காதலோடு சேர்வது அரிது என்று கதையின் முடிவில் எழுதுகிறார். ஒருவர் குணத்தின் கரடுமுரடான பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு, நல்ல பக்கத்தைப் பிறகு கண்டுபிடிக்கிறவர்களின் அன்பைப் பற்றித்தான் அவர் அங்கே பேசுகிறார். பாத்ஷீபா அந்த ஏணியில் நன்றிக்கடனுக்காக ஏறவில்லை. அது அவளுடைய பண்ணை, அவளுடைய விளைச்சல். இருவரும் ஒரே வேலையில் இருந்தார்கள்.

---

பனைநிழல்

உங்கள் வாதங்கள் எல்லாம் அருமை. ஆனாலும் காலத்தை நான் விடுவதாக இல்லை. ஆஸ்டினின் கடைசி நாவலான 'பெர்சுவேஷன்' என் பக்கம் நிற்கிறது. அவர் இறந்த பிறகு 1817 முடிவில் வெளிவந்த நூல். ஆன் எலியட் பத்தொன்பது வயதில் பிறர் பேச்சைக் கேட்டுத் தன் காதலன் வென்ட்வொர்த்தை விலக்கினாள். எட்டு ஆண்டு கழித்தும் இருவர் மனமும் மாறவில்லை. அதே கதையில் கேப்டன் பென்விக். நிச்சயித்த பெண் ஃபேனி இறந்த துயரத்தில் ஸ்காட், பைரன் கவிதைகளைப் படித்துக் கண்ணீர் விட்டவன், ஆண்டு நிறைவதற்குள் லூயிசாவை மணக்க நிச்சயம் செய்துகொள்கிறான். ஃபேனிக்காக வரைந்த அவனுடைய சிற்றோவியத்துக்கு லூயிசாவுக்குக் கொடுப்பதற்காகச் சட்டம் போடும் வேலை யாரிடம் வருகிறது? ஃபேனியின் அண்ணன் ஹார்விலிடம். அவர் உதடு நடுங்க, பாவம் ஃபேனி, அவளாக இருந்தால் இவ்வளவு சீக்கிரம் மறந்திருக்கமாட்டாள் என்று சொல்லும் இடத்தைப் படித்துவிட்டு, காலம் அளவுகோல் இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

---

தாழைமடல்

அந்த இடம் என்னையும் உலுக்கும் ஐயா. ஆனால் ஆன் அவனைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவன் அன்பு நிறைந்தவன், யாரையாவது நேசித்தே ஆக வேண்டியவன் என்று கனிவோடு நினைக்கிறாள். லைம் ஊரில் அவன் தன்னிடம் மனம் திறந்து பேசியதையும் நினைத்துப் பார்க்கிறாள். ஓரளவு இனிமையான எந்தப் பெண் காதுகொடுத்துக் கேட்டிருந்தாலும் அவன் இப்படித்தான் சாய்ந்திருப்பான் என்று அவளுக்குத் தெரிகிறது. அப்போதே கவிதையைக் குறைத்து உரைநடையும் படியுங்கள் என்று அவள் சொன்னாள்.

ஆகவே பென்விக்கிடம் நான் காணும் குறை அவன் சீக்கிரம் மறந்தது அல்ல. துயரம் ஆறுவதில் தவறில்லை, லூயிசாவை அவன் நன்றாகவே வைத்துக்கொள்வான். ஆனால் அவன் படித்துக் காட்டிய அதே கவிதைகள் ஃபேனிக்கும் பொருந்தின, ஆனுக்கும் பொருந்தியிருக்கும், லூயிசாவுக்கும் பொருந்துகின்றன. ஹார்விலுக்கு வலிப்பது அதுதான்: அவருடைய தங்கை அந்தக் கவிதைகளைக் கேட்கக் கிடைத்த யாரோ ஒருத்தி அல்லவே. எட்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்த வென்ட்வொர்த்துக்கும் இதே லூயிசா கிடைத்தாள், அவளுடைய துடிப்பும் பிடித்திருந்தது, ஊரே அவர்களைச் சேர்த்துப் பேசியது. அவனால் முடியவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது ஆன் எலியட்.